படித்துக்கொண்டே வேலை: வெளிநாட்டு மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டில் படிக்கும்போது பகுதிநேர வேலை செய்யலாமா என்றால், பெரும்பாலான நாடுகளில் செய்யலாம். எத்தனை மணிநேரம், எந்த வகை வேலை, எந்தத் தேதியிலிருந்து என்பதெல்லாம் உங்கள் விசாவைப் பொறுத்தது. அந்தக் கணக்கை வைத்துக்கொள்ள வேண்டியவர் நீங்கள் மட்டும்தான். உங்கள் இரண்டாவது வேலை முதல் முதலாளிக்குத் தெரியாது, உங்கள் ஷிப்ட் கல்லூரிக்குத் தெரியாது. குடிவரவுத் துறைக்கோ வரித்துறைப் பதிவுகள் வழியாகப் பிறகு எல்லாமே தெரியவரலாம். அதனால் இந்த வழிகாட்டியில் வேலை தேடுவதைவிட மணிநேரக் கணக்குக்கும் ஆவணங்களுக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: கிளம்பும் முன்பே பணக் கணக்கு

பகுதிநேர வேலையில் வரும் பணம் வாழ்க்கைச் செலவில் ஒரு பகுதியைத் தாங்கும், கல்விக் கட்டணத்தைத் தாங்காது. "அங்கே போய் வேலை பார்த்து ஃபீஸ் கட்டிக்கொள்ளலாம்" என்று நம்பிக் கிளம்புகிறவர்கள்தான் பின்னால் விதியை மீறும் நெருக்கடியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

பிரிட்டனை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025 ஏப்ரலில் 21 வயது நிறைந்தவர்களுக்கான குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டாக உயர்ந்தது. வாரம் 20 மணிநேரம் என்றால் 244 பவுண்டு. ஆண்டின் 52 வாரமும் ஒன்றுவிடாமல் உழைத்தால் சுமார் 12,700 பவுண்டு. வெளிநாட்டு மாணவர்களிடம் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் வாங்கும் ஆண்டுக் கட்டணம் பெரும்பாலும் இதைவிட அதிகம். அதுவும் 52 வாரமும் யாருக்கும் வேலை கிடைப்பதில்லை. முதல் வேலை அமையவே சில மாதங்கள் ஆகலாம், தேர்வு வாரங்களில் ஷிப்ட் எடுக்க முடியாது, பண்டிகை முடிந்ததும் கடைகளில் ஷிப்ட் குறைந்துவிடும்.

விசாவுக்காக நீங்கள் காட்டும் வாழ்க்கைச் செலவுத் தொகையும் ஒரு நல்ல அளவுகோல். ஜெர்மனி 2024 செப்டம்பரிலிருந்து முடக்கப்பட்ட கணக்கில் (மாதாமாதம் ஒரு பகுதியை மட்டுமே எடுக்கமுடிகிற வங்கிக் கணக்கு) ஆண்டுக்கு 11,904 யூரோ கேட்கிறது. ஆஸ்திரேலியா 2024 மே மாதத்தில் அதை 29,710 ஆஸ்திரேலிய டாலராக உயர்த்தியது. இதைக் கடன் வாங்கிக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் பணமாக நினைக்காதீர்கள். ஓர் ஆண்டு உயிர்வாழ உண்மையிலேயே தேவைப்படும் தொகையாக எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு மாதம் ஒரு காசுகூட வருமானம் இல்லாமல் தாக்குப்பிடிக்கப் பணம் இருக்கிறதா? இல்லையென்றால் ஒரு பருவம் தள்ளிப் போவதே நல்லது என்று நினைக்கிறேன். கையில் பணமில்லாதவரால் மோசமான வேலையை மறுக்க முடியாது.

படி 2: உங்கள் விசா என்ன சொல்கிறது என்று படியுங்கள்

பொதுவாக "வாரம் 20 மணிநேரம்" என்று எல்லோரும் சொல்வார்கள். அது எல்லா நாட்டுக்கும் பொருந்தாது. பொருந்தும் நாட்டிலும் அதற்குள் பல கிளைகள் உண்டு.

பிரிட்டனில் பட்டப்படிப்பு அல்லது அதற்கு மேல் படிப்பவர்களுக்குப் பாடநாட்களில் பொதுவாக வாரம் 20 மணிநேரம். பட்டப்படிப்புக்குக் கீழ்நிலையில் 10 மணிநேரம். விடுமுறையில் முழுநேரம் செய்யலாம். ஆனால் முதுநிலை மாணவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். ஓராண்டு முதுநிலைப் படிப்பில் கோடைக்காலம் ஆய்வேடு எழுதும் காலம், அது பெரும்பாலும் பாடநாளாகவே கணக்கிடப்படுகிறது. இளநிலை படிக்கும் நண்பர் ஜூலையில் முழுநேரம் வேலை செய்கிறார் என்பதற்காக நீங்களும் செய்தால் விதிமீறல். உங்கள் பல்கலைக்கழகத்தின் பருவத் தேதிகளை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், முதலாளியும் அதைக் கேட்பார்.

ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை 1 முதல் இரண்டு வாரத்துக்கு 48 மணிநேரம். படிப்பு தொடங்கும் நாளுக்கு முன் வேலை செய்யக்கூடாது. விடுமுறையில் வரம்பில்லை. ஆய்வு முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்களுக்குப் படிப்பு தொடங்கியபின் வரம்பே இல்லை.

கனடாவில் வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணிநேரம். 2024 நவம்பர் 8 முதல் இதுதான் விதி, அதற்கு முன் 20 ஆக இருந்தது. இடையில் 2022 நவம்பரிலிருந்து 2024 ஏப்ரல் முடியும்வரை வரம்பைத் தற்காலிகமாகத் தளர்த்தியிருந்தார்கள். அந்தக் காலத்தில் படித்த சீனியர்கள் "நாங்கள் 40 மணிநேரம் செய்தோமே" என்று சொன்னால் அவர்கள் பொய் சொல்லவில்லை, ஆனால் அது இன்றைக்குப் பொருந்தாது. வளாகத்துக்குள் செய்யும் வேலைக்கு மணிநேர வரம்பு கிடையாது. கல்லூரியிலிருந்து விடுப்பு எடுத்தால் அந்தக் காலத்தில் வேலையும் செய்யக்கூடாது.

அமெரிக்காதான் மிகவும் கறாரான நாடு. எஃப்-1 என்ற மாணவ விசாவில் வளாகத்துக்குள் மட்டும், பாடநாட்களில் வாரம் 20 மணிநேரம். முதல் கல்வியாண்டில் வெளியே வேலைக்கு வழியில்லை. அதற்குப் பிறகும் சிபிடி (பாடத்திட்டத்தோடு இணைந்த பயிற்சி), ஓபிடி (பெரும்பாலும் படிப்பு முடிந்தபின் துறை சார்ந்து செய்யும் பயிற்சி வேலை) போன்ற அனுமதி அல்லது கடும் பணநெருக்கடிக்கான சிறப்பு அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் வேலை செய்து எஃப்-1 தகுதியை இழந்துவிட்டால், மற்றத் தவறுகளுக்கு இருக்கும் 'மீண்டும் சேர்த்துக்கொள்ளும்' வழியும் அடைபட்டுவிடும். வார இறுதியில் தெரிந்தவர் கடையில் உட்காருவது சின்ன விஷயம்போலத் தோன்றும். இங்கே அது சின்ன விஷயமே இல்லை.

மற்ற நாடுகளில் கணக்கு வேறுவேறு வடிவில் இருக்கிறது. ஜெர்மனியில் 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள், நான்கு மணிநேரம்வரை அரை நாள். பல்கலைக்கழகத்துக்குள் செய்யும் மாணவ உதவியாளர் வேலை இதில் சேராது. பிரான்ஸில் ஆண்டுக்கு 964 மணிநேரம். அயர்லாந்தில் ஸ்டாம்ப் 2 என்ற மாணவ அனுமதி உள்ளவர்கள் வாரம் 20 மணிநேரம், ஜூன் முதல் செப்டம்பர் வரையும் டிசம்பர் 15 முதல் ஜனவரி 15 வரையும் 40 மணிநேரம். உங்கள் கல்லூரி எப்போது விடுமுறை விட்டாலும் அந்தத் தேதிகள் மாறாது. நெதர்லாந்தில் வாரம் 16 மணிநேரம் அல்லது ஜூன், ஜூலை, ஆகஸ்டில் முழுநேரம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்களுக்கு முதலாளி தனியாகப் பணி அனுமதி வாங்க வேண்டும். பின்லாந்தில் வாரத்துக்குச் சராசரியாக 30 மணிநேரம். ஜப்பானில் மாணவ விசா மட்டும் போதாது, தனி அனுமதி பெற்றபின் வாரம் 28 மணிநேரம். நியூசிலாந்து 2025 நவம்பர் 3 முதல் 20 மணிநேரத்தை 25 ஆக்கியது. அதற்கு முன் 20 என்று அச்சிடப்பட்ட விசா வாங்கியவருக்கு அது தானாக மாறிவிடாது.

இந்த விதிகள் ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாறுகின்றன. உங்கள் விசா கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதையும், குடிவரவுத் துறையின் தளத்தில் அன்றைக்கு இருப்பதையும் வைத்து முடிவெடுங்கள். சந்தேகம் வந்தால் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டால் பின்னால் காட்ட எதுவும் இருக்காது.

படி 3: மணிநேரத்தை எண்ணும் முறை

எல்லா வேலைகளையும் சேர்த்துத்தான் வரம்பு. நூலகத்தில் 8, கஃபேயில் 12 என்றால் பிரிட்டனில் உங்கள் 20 முடிந்தது. கஃபேயில் ஒருவர் வராமல் போய் "இன்னும் இரண்டு மணிநேரம் இருக்கிறாயா?" என்று கேட்டால், மறுக்கத்தான் வேண்டும்.

வாரம் எங்கே தொடங்குகிறது என்பதும் முக்கியம். பிரிட்டனில் திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரம். போன வாரம் 10 மணிநேரம்தான் செய்தேன், இந்த வாரம் 30 செய்கிறேன் என்று சராசரி பார்க்க முடியாது. ஆஸ்திரேலியாவின் இருவாரக் கணக்கு இன்னும் நுட்பமானது. எந்தத் திங்களில் தொடங்கினாலும் அடுத்த 14 நாள் ஒரு கணக்கு. முதல் வாரம் 18, இரண்டாம் வாரம் 30 செய்தால் கூட்டினால் 48, சரி. மூன்றாம் வாரம் 20 செய்தால் என்ன ஆகும்? மூன்றாவதையும் நான்காவதையும் ஜோடியாகப் பார்க்கும் பழக்கத்தில் இது தவறாகத் தெரியாது. ஆனால் இரண்டாம் மூன்றாம் வாரங்களைச் சேர்த்தால் 50. வரம்பு தாண்டிவிட்டது. பாடநாட்களில் வாரத்துக்கு 24-ஐத் தாண்டாமல் வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பமே இல்லை.

சாதாரண எக்செல் தாள் போதும்: தேதி, இடம், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், மொத்தம். ஷிப்ட் முடிந்த அன்றே எழுதிவிடுங்கள். ரோஸ்டரை (ஷிப்ட் அட்டவணையை) படமெடுத்து வையுங்கள். இந்தத் தாள் இரண்டு வழிகளில் காப்பாற்றும். விதியை மீறவில்லை என்று குடிவரவுத் துறைக்குக் காட்டலாம், சம்பளம் குறைந்தால் முதலாளியிடம் கேட்கவும் இதுதான் ஆதாரம்.

படி 4: பலரும் சிக்கும் இடங்கள்

சம்பளம் வாங்காவிட்டால் கணக்கில் வராது என்று நினைப்பவர்கள் நிறைய. பிரிட்டனில் ஒரு நிறுவனத்துக்காகச் சம்பளமில்லாமல் ஊழியரைப்போல வேலை செய்தாலும் அது 20 மணிநேரத்தில் சேரும். 'பயிற்சி' என்ற பெயரில் இரண்டு வாரம் சும்மா வேலை வாங்கும் கடைகள் எல்லா நாட்டிலும் உண்டு. நேரமும் போகும், பணமும் வராது.

அடுத்தது டெலிவரி ஆப். செயலியில் பதிவுசெய்து உணவு கொண்டுபோவது பல நாடுகளில் சுயதொழிலாகக் கருதப்படுகிறது. பிரிட்டனில் மாணவ விசாவில் சுயதொழில் கூடாது, எனவே அதுவும் கூடாது. ஜெர்மனியில் சுயதொழிலுக்குத் தனி அனுமதி வேண்டும். ஆஸ்திரேலியாவில் தொழில் எண் வாங்கிச் செய்யலாம், ஆனால் அந்த மணிநேரமும் 48-க்குள் அடங்க வேண்டும். வேறொருவரின் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டுவது எங்குமே வேண்டாம். விபத்து நடந்தால் காப்பீடு கைகொடுக்காது, பணம் அடுத்தவர் கணக்குக்குப் போகும், ஆள்மாறாட்டக் குற்றமும் சேரும்.

யூடியூப், ஃப்ரீலான்ஸ் டிசைன், சொந்த நாட்டு நிறுவனத்துக்கு லேப்டாப்பில் வேலை இவையெல்லாம் வேலைதான். எந்த நாட்டில் உட்கார்ந்து செய்கிறீர்களோ அந்த நாட்டு விதிதான் முதலில் பார்க்க வேண்டியது. பிரிட்டனில் தொலைவேலையும் கணக்கில் வரும். கனடா மட்டும் இதில் தெளிவாக விலக்குக் கொடுக்கிறது: கனடாவுக்கு வெளியே உள்ள முதலாளிக்குத் தொலைவிலிருந்து செய்யும் வேலை அந்த 24 மணிநேரத்தில் சேராது. அமெரிக்காவில் இருப்பவர்கள் இதை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

படி 5: வரி எண், வங்கிக் கணக்கு

வந்திறங்கிய முதல் சில வாரங்களிலேயே முடிக்க வேண்டிய வேலை இது. ஆஸ்திரேலியாவில் டிஎஃப்என், கனடாவில் சின், நியூசிலாந்தில் ஐஆர்டி எண், அயர்லாந்தில் பிபிஎஸ் எண், பிரிட்டனில் தேசியக் காப்பீட்டு எண். அமெரிக்காவில் எஸ்எஸ்என் என்ற சமூகப் பாதுகாப்பு எண் வாங்க எஃப்-1 மாணவருக்கு முதலில் வளாக வேலை கையில் கிடைத்திருக்க வேண்டும், கடிதத்தோடுதான் விண்ணப்பிக்க முடியும்.

இவை எல்லாமே இலவசம். வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் தளங்களும் முகவர்களும் தேவையே இல்லை. பிரிட்டனில் எண் வருவதற்கு முன்பே, வேலை செய்யும் உரிமையை நிரூபித்தால் வேலையில் சேரலாம். அதற்கு ஆன்லைனில் ஒரு பகிர்வுக் குறியீடு உருவாக்கி முதலாளியிடம் கொடுப்பீர்கள். அதைக் கேட்கிறாரே என்று சங்கடப்படாதீர்கள். அனுமதியில்லாத ஒருவரை வைத்திருந்தால் முதல் முறையே 45,000 பவுண்டுவரை அபராதம் வரும் என்பதால் நேர்மையான முதலாளி கட்டாயம் கேட்பார். எதையுமே கேட்காத முதலாளியைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் டிஎஃப்என் கொடுக்காமல் சேர்ந்தால் மிக உயர்ந்த விகிதத்தில் வரி பிடிப்பார்கள். கனடாவில் தற்காலிகமாக வந்தவர்களின் சின் எண் 9-இல் தொடங்கும், அதற்குக் காலாவதித் தேதி உண்டு. படிப்பு அனுமதியை நீட்டிக்கும்போது இதையும் புதுப்பிக்க மறந்துவிடுகிறார்கள்.

படி 6: எந்த வேலையிலிருந்து தொடங்குவது

என்னைக் கேட்டால் வளாக வேலைதான் முதலில். நூலக மேசை, ஆய்வக உதவி, மாணவர் சங்கம், புதிய மாணவர்களுக்கு வளாகம் சுற்றிக் காட்டுவது, விடுதி மேற்பார்வை, கல்லூரி நிகழ்ச்சிகளுக்கு ஆள் நிற்பது. சம்பளம் வெளியே உள்ளதைப்போலத்தான் இருக்கும், சில சமயம் கொஞ்சம் குறைவு. ஆனால் உங்கள் பருவத் தேதியும் தேர்வும் அங்கே எல்லோருக்கும் தெரியும். பயண நேரம் மிச்சம். பரிந்துரைக் கடிதம் கிடைக்கும். முதுநிலை, முனைவர் மாணவர்கள் கற்பித்தல் உதவியாளர், ஆய்வு உதவியாளர் இடங்களுக்குப் பேராசிரியரிடம் நேரடியாகக் கேட்கலாம். அவருடைய சமீபத்திய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, அதில் நீங்கள் என்ன செய்யமுடியும் என்று நான்கு வரி எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம். எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்பினால் பார்த்த உடனேயே தெரிந்துவிடும்.

வெளியே என்றால் சூப்பர் மார்க்கெட், கஃபே, உணவகம், கிடங்கு, துப்புரவு, முதியோர் இல்லம். இரவு நேரக் கிடங்கு வேலையில் சம்பளம் கூட வரும். ஆனால் காலை ஒன்பது மணி வகுப்பு உள்ளவர்களுக்கு அது சரிப்பட்டு வராது, இரண்டு வாரத்திலேயே உடம்பு சொல்லிவிடும். முதியோர் பராமரிப்பு மனதளவில் கனமான வேலை. ஆனால் மொழி அங்கேதான் வேகமாகப் படியும்.

சில வேலைகளுக்கு முன்கூட்டியே சான்றிதழ் தேவை. ஆஸ்திரேலியாவில் மது பரிமாறும் இடத்தில் வேலை செய்ய ஆர்எஸ்ஏ, குழந்தைகளோடு பணியாற்றத் தனிச் சோதனை. பிரிட்டனில் குழந்தைகள், முதியோர் சார்ந்த வேலைகளுக்கு டிபிஎஸ் என்ற குற்றப் பின்னணிச் சோதனை. கனடாவில் மருத்துவமனை, குழந்தைகள் காப்பகம் போன்ற இடங்களுக்கு மருத்துவப் பரிசோதனை முடித்திருக்க வேண்டும். கிறிஸ்துமஸ் காலத்துக்குக் கடைகள் ஆளெடுப்பது செப்டம்பர், அக்டோபரிலேயே தொடங்கிவிடும். டிசம்பரில் போய்க் கேட்டால் இடமிருக்காது.

படி 7: ரெஸ்யூமே, நேர்முகம்

பகுதிநேர வேலைக்கு ஒரு பக்கம் போதும். பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவில் புகைப்படம், பிறந்த தேதி, திருமண நிலை, பெற்றோர் பெயர் எதுவும் போடுவதில்லை. மேலே பெயர், உள்ளூர்க் கைபேசி எண், நீங்கள் குடியிருக்கும் பகுதி. அப்புறம் எந்தெந்த நாள், எந்தெந்த நேரம் வரமுடியும் என்று ஒரு சிறு அட்டவணை. கடை மேலாளர் முதலில் பார்ப்பது அதைத்தான். அவருக்குச் சனி ஞாயிறு ஆள் வேண்டும், உங்கள் மதிப்பெண் அவருக்கு வேண்டாம்.

வேலை அனுபவமே இல்லையென்றால் கல்லூரியில் நடத்திய விழா, என்எஸ்எஸ் முகாம், குடும்பத் தொழிலில் உதவியது, ட்யூஷன் எடுத்தது எல்லாம் எழுதலாம். என்ன செய்தீர்கள் என்று வினையோடு எழுதுங்கள்: பணம் வாங்கினேன், கணக்கு எழுதினேன், ஐம்பது பேருக்கு உணவு ஏற்பாடு செய்தேன்.

நேர்முகத்தில் விசா பற்றிக் கேட்டால் தயங்காமல் நேராகச் சொல்லுங்கள்: "பாடநாட்களில் வாரம் இத்தனை மணிநேரம் செய்யலாம், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை விடுமுறை, அப்போது முழுநேரம் வரமுடியும்." இப்படிச் சொல்கிறவர் மேல் முதலாளிக்கு நம்பிக்கை வரும். வரம்பை மறைத்துச் சேர்ந்தால், மூன்றாவது வாரம் அவர் 30 மணிநேரம் ரோஸ்டர் போடும்போது பேச்சு கசப்பாகிவிடும்.

படி 8: ஒப்பந்தமும் சம்பளச் சீட்டும்

சேரும் முன் மணிக்கு எவ்வளவு, எந்த நாளில் சம்பளம், இடைவேளைக்குச் சம்பளம் உண்டா, விலக எத்தனை நாள் முன் சொல்ல வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மின்னஞ்சல்கூடப் போதும். அந்த நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் வெளிநாட்டு மாணவருக்கும் அப்படியே பொருந்தும். மாணவர் என்பதற்காகக் குறைத்துக் கொடுக்கலாம் என்று சொன்னால் நம்ப வேண்டாம். வயதைப் பொறுத்த குறைவு சில நாடுகளில் சட்டப்படி உண்டு, அது வேறு.

ஆஸ்திரேலியாவில் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் 2025 ஜூலை 1 முதல் மணிக்கு 24.95 டாலர். கேஷுவல் (நிலையான வேலைநேர உறுதி இல்லாத) ஊழியராகச் சேர்ந்தால் அதற்கு மேல் பொதுவாக 25 சதவீதம் கூடுதல் உண்டு, ஏனென்றால் சம்பளத்தோடு கூடிய விடுப்பு உங்களுக்குக் கிடையாது. பரீட்சார்த்த ஷிப்ட் என்றால் உங்கள் திறமையைக் காட்டத் தேவையான சிறு நேரம் மட்டுமே சம்பளமில்லாமல் இருக்கலாம். அதற்கு மேல் போனால் ஊதியம் தந்தே ஆக வேண்டும். சம்பளம் போட்ட ஒரு வேலைநாளுக்குள் சம்பளச் சீட்டு வர வேண்டும். சீட்டில் சூப்பர் என்று ஒரு வரி இருக்கும். அது முதலாளி உங்கள் ஓய்வூதியக் கணக்கில் போட வேண்டிய தொகை, 2025 ஜூலையிலிருந்து 12 சதவீதம். சீட்டில் அச்சிட்டுவிட்டு உண்மையில் கட்டாத முதலாளிகளும் உண்டு, அதனால் ஃபண்டின் செயலியில் பணம் வந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் சீட்டில் உள்ள வரிக் குறியீட்டைப் பாருங்கள். 12,570 பவுண்டுவரை வருமான வரி இல்லை என்பதால் பெரும்பாலானோருக்கு 1257எல் என்றிருக்கும். பிஆர் என்றிருந்தால் முழுத்தொகைக்கும் 20 சதவீதம் பிடிக்கிறார்கள் என்று பொருள். இரண்டாவது வேலையில் இப்படி வரும், முதல் வேலையில் வந்தால் வரித்துறையிடம் சொல்லிச் சரிசெய்யலாம், கூடுதலாகப் பிடித்தது திரும்ப வரும். பகுதிநேர ஊழியருக்கும் விடுமுறைச் சம்பளம் உண்டு, கேட்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

அமெரிக்காவில் எஃப்-1 மாணவர்கள் வரிக் கணக்கில் வெளிநாட்டவராக இருக்கும்வரை, பொதுவாக முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள், சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரியிலிருந்து விலக்கு உண்டு. இரண்டும் சேர்த்து 7.65 சதவீதம். தவறிப் பிடித்திருந்தால் முதலில் முதலாளியிடமே திருப்பிக் கேளுங்கள்.

படி 9: ரொக்கக் கூலி, மிரட்டல், மோசடி

ரொக்கமாக வாங்குவது எல்லா நாட்டிலும் சட்டவிரோதம் அல்ல. பதிவே இல்லாமல் ரொக்கமாக வாங்குவதுதான் ஆபத்து. அப்படி வேலை கொடுக்கிறவர் முதல் மாதம் அன்பாக இருப்பார். குறைந்தபட்ச ஊதியத்தில் பாதி தருவார், "வரி இல்லையே, கணக்கு ஒன்றுதான்" என்பார். அப்புறம் மணிநேரம் கூடும். வரம்பைத் தாண்டியதும் அவர் கையில் ஒரு கயிறு கிடைத்துவிடும்: சம்பளம் கேட்டால் குடிவரவுத் துறைக்குச் சொல்லிவிடுவேன் என்ற மிரட்டல். தன் மொழி பேசுகிறவர், தன் ஊர்க்காரர் என்ற நம்பிக்கையில் இதில் விழுகிறவர்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விசாவை ரத்துசெய்யும் அதிகாரம் எந்த முதலாளிக்கும் கிடையாது, அது அரசுக்கு மட்டுமே உண்டு. ஆஸ்திரேலியாவில் ஒருவரின் விசா நிலையைப் பயன்படுத்தி மிரட்டிச் சுரண்டுவது 2024 ஜூலை முதல் கிரிமினல் குற்றம். வேண்டுமென்றே சம்பளத்தைக் குறைத்துக் கொடுப்பதும் 2025 ஜனவரி முதல் குற்றம். அங்கே தொழிலாளர் உரிமைகளைக் கண்காணிக்கும் ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மேன் அலுவலகத்தில் பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம், மொழிபெயர்ப்பாளரும் உண்டு. பிரிட்டனில் ஏகாஸ் என்ற தொழிலாளர் ஆலோசனை அமைப்பு இலவசமாகத் தொலைபேசியில் ஆலோசனை தருகிறது. கனடாவில் அந்தந்த மாகாணத்தின் தொழிலாளர் தர அலுவலகம், அமெரிக்காவில் தொழிலாளர் துறையின் ஊதியப் பிரிவு. எல்லாவற்றுக்கும் முன் பல்கலைக்கழகத்தின் சட்ட உதவி மையத்தையோ மாணவர் சங்கத்தையோ பாருங்கள். விசா மீறலும் கலந்த விஷயமென்றால், எங்கும் எழுதிக் கொடுப்பதற்கு முன் பதிவுபெற்ற குடிவரவு வழக்கறிஞரிடம் பேசுவது அவசியம்.

மோசடிகளில் அடிக்கடி வருவது மூன்று. வேலைக்கு முன்பணம் கேட்பது. உங்கள் கணக்கில் காசோலை போட்டுப் பாதியை வேறு எங்கோ அனுப்பச் சொல்வது; காசோலை சில நாளில் திரும்பிவிடும், அனுப்பியது உங்கள் பணம். மூன்றாவது இன்னும் மோசம்: "உன் வங்கிக் கணக்கை மட்டும் கொடு, வரும் பணத்தில் பத்து சதவீதம் உனக்கு" என்பது. அது கறுப்புப் பணத்தைக் கைமாற்றும் வேலை. தெரியாமல் செய்தேன் என்றாலும் கணக்கு மூடப்படும், வழக்கும் வரும். படிப்பு முடிந்து ஊர் திரும்பும்போது கணக்கை விற்றுவிட்டுப் போகச் சொல்வார்கள், அதையும் செய்யாதீர்கள்.

படி 10: படிப்போடு பொருத்துவது

முதல் ஆறு வாரம் வேலையே வேண்டாம் என்பது என் கருத்து. பாடத்தின் வேகம், பயண நேரம், சமையல், குளிர் எல்லாம் பிடிபட அவ்வளவு காலமாவது ஆகும். அதற்குப்பின் வாரம் 12 முதல் 15 மணிநேரம். சட்டம் அனுமதிக்கும் உச்சத்தை எட்ட வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. வருகைப் பதிவு குறைந்தால் கல்லூரி குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டிய நாடுகள் பல. தோல்வியடைந்த ஒரு பாடத்தைத் திரும்பப் படிக்கும் கட்டணம், ஒரு பருவம் முழுக்கச் சேர்த்த சம்பளத்தை விழுங்கிவிடும்.

செமஸ்டர் தொடக்கத்தில் எல்லாப் பாடங்களின் ஒப்படைப்புத் தேதிகளையும் தேர்வுத் தேதிகளையும் எடுத்து அன்றைக்கே மேலாளரிடம் கொடுத்துவிடுங்கள். இரண்டு மாதம் முன் சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை, முந்தின இரவு சொன்னால்தான் பிரச்சினை.

படி 11: துறை சார்ந்த வேலைக்கு நகர்வது

முதல் ஆண்டு கஃபேயில் போனால் பரவாயில்லை. இரண்டாம் ஆண்டும் அங்கேயே இருந்தால் பட்டம் வாங்கும் நாளில் உங்கள் துறையில் காட்ட எதுவும் இருக்காது. மணிக்கு இரண்டு டாலர் குறைந்தாலும் துறை சார்ந்த வேலைக்கு மாறுவது நல்லது.

இங்கேயும் அனுமதிகள் உண்டு. கனடாவில் படிப்பின் கட்டாயப் பகுதியான பணிப்பயிற்சிக்குத் தனியாகக் கோ-ஆப் அனுமதி தேவையா என்று கல்லூரியில் முதலிலேயே கேளுங்கள். முழுநேர மாணவராக இருந்தபோது செய்த வேலை, பிறகு கனடிய அனுபவப் பிரிவில் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கும்போது அனுபவமாகச் சேராது. அமெரிக்காவில் சிபிடி பாடத்திட்டத்தோடு இணைந்த பயிற்சிக்கு. அதை முழுநேரமாக 12 மாதம் பயன்படுத்திவிட்டால் அந்தப் பட்ட நிலையில் ஓபிடி போய்விடும். 11 மாதத்தில் நிறுத்துகிறவர்கள் காரணத்தோடுதான் நிறுத்துகிறார்கள். ஓபிடி 12 மாதம், அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதத் துறையினருக்கு மேலும் 24 மாத நீட்டிப்பு. படிப்பு முடிவதற்கு 90 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், அன்றைக்கே விண்ணப்பித்துவிடுங்கள். தொடங்கியபின் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக்கூடாது.

படிப்பு முடிந்தபின் தங்கி வேலை செய்ய உதவும் பிரிட்டனின் கிராஜுவேட் ரூட் விசா இப்போது இரண்டு ஆண்டு, முனைவர் பட்டத்துக்கு மூன்று. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் இளநிலை, முதுநிலைப் பட்டதாரிகளுக்கு அது 18 மாதமாகக் குறைகிறது. படிக்கப் போகும் ஆண்டைவிட முடிக்கப் போகும் ஆண்டைப் பார்த்துத் திட்டமிடுங்கள்.

படி 12: வரித் தாக்கல், கிளம்பும்போது

வருமானம் குறைவு என்பதால் தாக்கல் வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் உங்களுக்குத்தான் பணம் திரும்ப வரும். ஆஸ்திரேலியாவில் நிதியாண்டு ஜூலை முதல் ஜூன் வரை, நீங்களே தாக்கல் செய்தால் அக்டோபர் 31 கடைசி. கனடாவில் ஏப்ரல் 30. அமெரிக்காவில் சம்பளம் வாங்கியவர்களுக்கு ஏப்ரல் 15. அங்கே வருமானமே இல்லாத எஃப்-1 மாணவரும் 8843 என்ற படிவத்தை அனுப்ப வேண்டும். உள்நாட்டவருக்கான மென்பொருளில் கவனிக்காமல் தாக்கல் செய்தால் தவறான படிவம் போய்விடும். வெளிநாட்டு மாணவருக்கு உரியது 1040-என்ஆர். பல பல்கலைக்கழகங்கள் அதற்கான மென்பொருளை இலவசமாகவே தருகின்றன.

சம்பளச் சீட்டுகள், ஆண்டு வரிச் சான்றுகள், ஒப்பந்தங்களை மேகச் சேமிப்பில் போட்டு வையுங்கள். வேலையை விட்டதும் நிறுவனத்தின் உள்தளம் உங்களுக்குத் திறக்காது. ஆஸ்திரேலியாவை விட்டு நிரந்தரமாகக் கிளம்பினால், விசா முடிந்தபின் சூப்பர் பணத்தை ஆன்லைனில் கேட்டு வாங்கலாம். வரியாகக் கணிசமான பங்கு பிடித்தாலும் மீதி உங்களுடையது. விண்ணப்பத்தை நாட்டில் இருக்கும்போதே தொடங்கி வைக்கலாம். பழைய கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் இயங்கும்போதே அதைச் செய்துவிட்டால், பின்னால் அடையாளச் சரிபார்ப்புக்கு அலைய வேண்டியிருக்காது.